பழைய காரும் பகிரும் அறிவும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனை வேப்பமரத்தடிக்கு வந்து பாருங்கள். மூன்று சிறிய கார்கள் வாய் திறந்து நிற்கும். மூன்றும் மாருதி 800. மூன்றும் இருபது வயதைத் தாண்டியவை. எல்லாவற்றிலும் மூத்தது எங்களுடையது. 1997ஆம் ஆண்டு மாடல். ஒருவர் பிளக்கைக் கழற்றித் துணியால் துடைப்பார். ஒருவர் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுவார். மூன்றாமவர், அநேகமாக என் தந்தை, யோசனை சொல்வார்.

கார் வைத்திருப்பவனெல்லாம் செல்வன் என்று எண்ணும் நண்பர்கள் நம் வகுப்பிலும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கள் கார் மூன்று கை மாறி எங்களிடம் வந்தது. அதற்குக் கொடுத்த விலை இன்றைய புது ஸ்கூட்டரின் விலையைவிடக் குறைவு. மற்ற இரண்டு கார்களுள் ஒன்று ஓய்வு பெற்ற தபால்காரருடையது, இன்னொன்று தையற்கடைக்காரருடையது. பாட்டியை மருத்துவமனைக்கும், தைத்த துணியைப் பக்கத்து ஊருக்கும் கொண்டுசெல்லும் இவ்வண்டிகளை ஆடம்பரம் என்பது பொருந்துமா? இவை படுத்தால் குடும்பமே படுக்கும்.

1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் முதல் காரின் சாவியை வழங்கிய காட்சியைப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். 796 சி.சி., மூன்று சிலிண்டர், அவ்வளவுதான் எஞ்சின். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. உற்பத்திதான் நின்றதே தவிர ஓட்டம் நிற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி பதினைந்து ஆண்டுகள் முடிந்த காரைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது, பிறகும் ஏறியது. ஆகவே பழைய காரைக் காப்பது என்பது இனிப் பொழுதுபோக்கன்று, கணக்கு.

இக்கணக்கில் தோற்காமலிருக்க வழி என்ன? உரிமையாளர்கள் தம் அனுபவத்தை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்வதே என்பது என் கருத்து. ஆனால் சொன்னால் மட்டும் போதாது. எழுதியும் வைக்க வேண்டும். ஏன் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையே சான்று.

இரண்டு கோடைகளுக்கு முன் எங்கள் கார் சூடேறத் தொடங்கியது. வேப்பமரத்தடியில் கூடி ஆராய்ந்தார்கள். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு எதுக்குங்க? கழட்டிப் போடுங்க" என்றது ஒரு குரல். எல்லோரும் ஆமோதித்தார்கள். கழற்றியாயிற்று. வெப்பவியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய நானும் அருகில்தான் நின்றேன்; வாய் திறக்கவில்லை.

அவ்வால்வின் வேலை என்ன? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து, சூடு ஏறத்தாழ 80 டிகிரியைத் தாண்டியதும் திறந்துவிடுவது. அதற்குள் இருக்கும் மெழுகு வெப்பத்தால் விரிந்து கதவைத் தள்ளுகிறது. அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடைய நெடுநேரமாகும். சோக்கை இழுத்தபடியே ஓட்ட வேண்டும், பெட்ரோல் வீணாகும், சரியாக எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து அதைக் கெடுக்கும். எங்களுக்கும் அதுவே நடந்தது. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தந்த கார் 13க்கு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், சூடேறுவதும் நிற்கவில்லை.

அப்போதுதான் தபால்காரர் தம் நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். தேதி, ஓடிய தூரம், போட்ட பெட்ரோல், மாற்றிய பாகம், அதன் விலை எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தார். தம் காரில் வால்வைக் கழற்றிய மாதத்திலிருந்தே மைலேஜ் இறங்கியது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவரும் அதற்குமுன் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை! இரண்டு கார்களின் கணக்கை அருகருகே வைத்த பிறகே உண்மை புலப்பட்டது.

சூடேறியதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர் பேருந்து நிலையத்தருகே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஓடும்போது சூடாகுதா, நிக்கும்போதா?" ரயில்வே கேட்டில் நின்றால்தான் சூடாகிறது என்றோம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும்; நின்றால் மின்விசிறிதான் துணை. அவர் விசிறி ஸ்விட்சின் இரு ஒயர்களையும் சேர்த்தார், விசிறி சுழன்றது. மோட்டாரில் பழுதில்லை, ஸ்விட்ச்தான் போய்விட்டது. அதை மாற்றினோம். புது வால்வு வாங்கி, அம்மாவின் சமையல் பாத்திரத்தில் வெந்நீரிலிட்டு அது திறப்பதைக் கண்ணாரக் கண்டபின் பொருத்தினோம். (அந்தப் பாத்திரம் அதன்பின் அடுப்பேறவில்லை.)

வெற்றி பெற்ற வழியைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். தோற்ற வழியைச் சொல்லத்தான் ஆளில்லை. "கழற்றினேன், நன்றாக ஓடுகிறது" என்று முதல் வாரத்தில் சொன்னவர், ஆறாம் மாதத்தில் வந்து "தவறு செய்துவிட்டேன்" என்று சொல்வதில்லை. அதற்கு வெட்கமே காரணம். அவ்வெட்கத்துக்கு அடுத்தவர் பெட்ரோல் விலை கொடுக்கிறார்.

டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிக்குள் இருக்கும் அந்த ரப்பர் வார் கண்ணுக்குத் தெரியாது. முனகாது, முன்னறிவிப்பும் தராது. அறுந்தால் கார் நடுவழியில் நிற்கும். எப்போது மாற்றியது என்பது ஒன்றே அதன் ஆயுளை அறியும் வழி. எங்கள் காரை விற்றவரைக் கேட்டோம். "எனக்கு வித்தவரைத்தான் கேக்கணும்" என்றார். வேறு வழியின்றி, வாங்கிய வாரமே புதிது போட்டோம். ஆர்.சி. புத்தகம் கைமாறும்போது பழுது நோட்டும் சேர்ந்து கைமாற வேண்டும் என்பேன். உண்மையில், வாங்குபவனுக்கு ஆர்.சி. புத்தகத்தைவிட அதுவே பயன்படும்.

இப்படி எல்லோரும் கற்றுக்கொண்டால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாகும் என்று தமிழ்த்துறை நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் பிளக் துடைப்பதிலும் கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளையைக் குச்சியால் குத்திவிடுவதிலும் எந்த மெக்கானிக்கும் வாழவில்லை. அத்துளை அடைத்துக் கதவு துருப்பிடித்தால் காரே பழைய இரும்புக் கடைக்குப் போகும். அவருக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார். எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டால், விவரம் தெரிந்து வருபவனிடம்தான் வேலை சீக்கிரம் முடிகிறது என்கிறார்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவன். பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் மரத்தடி யோசனைக்கு இடமில்லை. கார்புரேட்டரில் செய்த தவறு நம் பணப்பையோடு போகும். பிரேக்கில் செய்த தவறு சாலையைக் கடக்கும் பிள்ளைமேல் போய் நிற்கும். இதை என் தந்தையிடமே சொல்லி ஒருமுறை வசவும் வாங்கியிருக்கிறேன்.

நம் கல்லூரியில் பௌதிகத் துறைக்குப் பின்புறம் ஒரு வெள்ளை மாருதி 800 தினமும் நிற்கிறது. உரியவர் யாரென்று எல்லோருக்கும் தெரியுமாதலால் பெயர் சொல்லவில்லை. ஐயா, தங்கள் காருக்கு அடியில் சில வாரங்களாகப் பச்சைப் பொட்டுகள் விழுகின்றன. எண்ணெயன்று, கூலன்ட். முதலில் ஹோஸ் கிளிப்புகளைப் பாருங்கள். அங்கே ஈரமில்லையென்றால் வாட்டர் பம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டாம். அம்மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால், அவ்வழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்று வகுப்பில் தாங்கள் கற்பித்த கணக்கு சொல்கிறது. திறந்த கணமே கொதிநீரும் ஆவியுமாகப் பீறிடும். ஞாயிறு காலை நேரமிருந்தால் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். தங்கள் நோட்டையும் கொண்டு வாருங்கள்.