நாம என்ன ‘டல் பேட்ச்’சா?



ரிசல்ட் நோட்டீஸ் போர்டுக்கு வந்த மறுநாளே நமக்கு ஒரு பட்டமும் வந்துவிடுகிறது. “இந்த வருஷம் டல் பேட்ச்பா!” மாநிலச் சராசரியைவிட நாலு மார்க் குறைவு, அவ்வளவுதான் சாட்சி. அப்புறம் லேபில் ஒரு வயரை மாற்றிச் சொருகினால்கூட அந்தப் பட்டம்தான் காதில் விழும்.

அந்த நாலு மார்க் நிஜமான குறையா, தற்செயலா? இதைக் கேட்கத்தான் டி-டெஸ்ட் என்று ஒரு கணக்கு இருக்கிறது. (கேன்டீன் டீயைச் சோதிப்பதல்ல, அதற்கும் ஒன்று தேவைதான்!) இதற்கு வழி போட்டவர் வில்லியம் சீலி காஸெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை. அங்கே கையில் கிடைப்பதோ சில மாதிரிகள்தான். அதை வைத்து மொத்தத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, 1908-ல் கட்டுரையாக வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்கவில்லை. அதனால் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் என்ன தெரியுமா? ‘ஸ்டூடன்ட்’! நம்ம ஆளு!

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு விருப்பப் பாடத்தை 16 பேர் எழுதினோம், சராசரி 50. மாநிலச் சராசரி 54. நம் மார்க்குகளின் திட்டவிலக்கம் 12 என்று வைத்துக்கொள்வோம். 16-ன் வர்க்கமூலம் 4. 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3. வித்தியாசமான 4-ஐ இந்த 3-ஆல் வகுத்தால் 1.33. டி அட்டவணையில் 16-ல் ஒன்று குறைத்து 15-க்கு நேரே, 5 சதவீதத்துக்குப் பாருங்கள்: 2.131. நம்முடையது அதைத் தொடவே இல்லை. ஆக, ‘டல்’ என்பதற்கு இந்த மார்க்கில் ஆதாரம் போதாது!

அதே சராசரி, ஆனால் திட்டவிலக்கம் 6 என்றால்? விடை 2.67. எல்லையைத் தாண்டிவிட்டது. சராசரி மாறவில்லை, தீர்ப்பு மாறிவிட்டது பாருங்கள். போர்டில் சராசரியை மட்டும் ஒட்டினால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

அதற்காக நாமும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 1.33 வந்தால் ‘நாமும் மாநிலமும் சமம்’ என்று நிரூபணமாகிவிடாது. 16 பேரை வைத்துச் சின்ன வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம், அதுதான் உண்மை. இன்னொன்று, இந்தக் கணக்கு குலுக்கிப்போட்டு எடுத்த மாதிரிக்கானது. நாம் அப்படியா வந்தோம்? ஐ.டி.ஐ. முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள், பள்ளியில் தமிழில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுபவர்கள்... 2.67 வந்தாலும் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. மூளை மந்தமா, பாதி சிலபஸ் பரீட்சைக்கு முந்தின வாரம்தான் முடிந்ததா என்று அட்டவணைக்கு எப்படித் தெரியும்?

அடுத்த முறை ரிசல்ட் ஒட்டும்போது சராசரிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், திட்டவிலக்கம் எவ்வளவு என்பதையும் எழுதச் சொல்லி யூனியன் கேட்க வேண்டும். மீதியை நாமே கால்குலேட்டரில் போட்டுக்கொள்கிறோம், சார்!