சேனை வேண்டாம், சீம்பால் போதும்

பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுவைக்கும் 'சேனை' வழக்கம் பல வீடுகளில் இன்னும் ஓயவில்லை. சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. தேன் இயற்கையானதுதான். ஆனால் அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், தொண்டைக்குள் விரல்விட்டுச் சளி எடுப்பதும் இதே ரகம்தான். தூளியையும் தாலாட்டையும் யாரும் குறை சொல்லவில்லை.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்மார்களுக்கு இதை உபதேசிப்பது எளிது. ஆனால் அதைக் கடைப்பிடிக்க விடுப்பு வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தந்த 26 வார ஊதிய விடுப்பு, பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். தமிழக அரசுப் பணியில் அது 12 மாதம். சித்தாளுக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும்? பிரசவமான சில வாரங்களில் வேலைக்குத் திரும்பினால்தான் அடுப்பெரியும்.

2015-ல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பாலூட்டும் அறைகளைத் திறந்த மாநிலம் இது. அவற்றைப் பூட்டாமல், தண்ணீரும் மின்விசிறியுமாக வைத்திருப்பதோடு, கட்டுமானத் தளங்களிலும் சந்தைகளிலும் அதேபோன்ற இடத்தை அரசு உடனே ஒதுக்க வேண்டும்.