ரோட்டைத் தாண்டினால் பாதி விலை

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வசைச்சொல்லாகிப்போன ஒரு பெயர் ஒழிவது நல்லதுதான். நாமும் வரவேற்றோம். ஆனால், பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த இழிவும் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அந்தத் தெருவில் இருக்கும் ஒரு வீட்டை விலைக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பல கிராமங்களில் ஊர்த்தெருவையும் நம் தெருவையும் பிரிப்பது ஒரே ஒரு தார் ரோடுதான். அந்தப் பக்கம் ஒரு சென்ட் இரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கமும் அதே மண், அதே நிலத்தடி நீர், அதே பேருந்து நிறுத்தம்தான். ஆனால் ஒரு லட்சத்துக்குக் கேட்கவும் ஆள் வராது. புரோக்கர் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் உப்பா, நல்லதா என்று விசாரிப்பதில்லை. "எந்தத் தெரு?" என்று கேட்கிறார். பதிலைக் கேட்டதுமே மனசுக்குள் பாதியைக் கழித்துவிடுகிறார்.

இந்தக் கழிவுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பெயர் கிடையாது. நாம்தான் அதற்குப் பெயர் சூட்ட வேண்டும். இது சாதி நம்மிடம் வசூலிக்கும் வரி.

நம் வீடுகள் லாபம் பார்ப்பதற்காக விலைக்கு வருவதில்லை. அப்பாவுக்கு டயாலிசிஸ், மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம், மகனின் வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் கேட்கும் பணம், வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் குழுக் கடன் என்று ஏதோ ஒன்று கழுத்தைப் பிடிக்கும்போதுதான் வருகின்றன. அவசரத்தில் விற்றால் எந்தத் தெருவிலும் விலை குறையும், அது ஊரறிந்த விஷயம். ஆனால் ஊர்த்தெருக்காரர் முழு விலையிலிருந்து இறங்கி வருகிறார். நாமோ பாதி விலையில் பேரத்தைத் தொடங்கி, அதிலிருந்தும் இறங்குகிறோம்.

வசதி வந்தவர்களுக்கும் இதே கதிதான். நம் தெருக்களில் முதல் தலைமுறையாகப் படித்து ஆசிரியராக, செவிலியராக, காவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். சேமநல நிதியை மொத்தமாகப் போட்டுப் பிறந்த தெருவிலேயே மாடி வீடு கட்டியவர்கள் அவர்கள். கடைசிக் காலத்தில் பிள்ளைகளோடு நகரத்தில் இருக்கலாம் என்று அந்த வீட்டை விற்க நினைக்கும்போதுதான் உண்மை உறைக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் இங்கே குடிவர மாட்டார். இந்தப் பக்கம் இருப்பவருக்கு வாங்க ஆசை இருக்கும், பணம் இருக்காது. செங்கல்லும் சிமென்ட்டும் கம்பியும் ஊர்த்தெரு வீட்டுக்கு ஆன அதே விலைக்குத்தான் வாங்கினார்கள். வீடாக எழுந்து நின்ற பிறகுதான் அவற்றின் விலை இறங்கியது.

கிடைத்த பணத்தை எடுத்துக்கொண்டு வேறு இடம் போகலாம் என்றால், அங்கே இன்னொரு கதவு சாத்தப்படுகிறது. நகரத்தில் மனை விற்பவர் "நீங்க எந்த ஊர்? அங்க எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார். வாடகைக்கு விடுபவர் 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டுகிறார். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. தன்னைப் பார்சி என்று சொல்லிக்கொண்டு ஒரு பார்சி விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று தடி இல்லை, பலகை இருக்கிறது. இங்கே மலிவாக விற்று, அங்கே கூடுதலாகக் கொடுத்து வாங்கும் நாம் இரண்டு முறை இழக்கிறோம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

"அந்த இடமே சரியில்லை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், பக்கத்தில் சுடுகாடு இருக்கிறது, அதனால்தான் விலை இல்லை" என்று சிலர் நியாயம் பேசுவார்கள். அந்த இடத்தை நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரின் சாக்கடை வந்து முடியும் பள்ளம், ஏரியின் உபரிநீர் போகும் வாய்க்கால் ஓரம், குப்பை கொட்டும் மேடு என்று ஊர் வேண்டாம் என்று ஒதுக்கிய இடமே நமக்கு விடப்பட்டது. பின்னாளில் அரசு மனைப்பட்டா கொடுத்தபோதும் பெரும்பாலும் அதே பள்ளத்தை ஒட்டியே கொடுத்தது. நமக்கு வீட்டுமனை ஒதுக்க நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊரின் நடுவில் நிலம் எடுத்து நம்மைக் குடியேற்றிய இடம் எத்தனை என்று தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பழைய சேரிக்குப் பக்கத்தில் புதிய சேரி உருவானது. தொகுப்பு வீடுகள் கான்கிரீட்டாக எழுந்தன, எல்லைக்கோடும் கான்கிரீட்டானது.

சில இடங்களில் அந்தக் கோடு நிஜமாகவே சுவராக நின்றது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊரைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதத்தில்தான் இடித்தார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று, மழையில் ஊறிய தனியார் சுற்றுச்சுவர் ஒன்று ஒட்டியிருந்த நம் மக்களின் வீடுகள் மீது விழுந்து, தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். பக்கத்து மனையின் மதிப்பைக் கூட்ட ஒரு சுவர் எழும்போது, இந்தப் பக்கத்து வீட்டின் மதிப்பு மட்டும் குறைவதில்லை. உயிரின் மதிப்பும் குறைகிறது.

குறைந்த விலையின் சேதம் விற்கும் நாளோடு முடிவதில்லை. பதிவுத்துறை தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் வழிகாட்டி மதிப்பை வைத்திருக்கிறது. நெடுஞ்சாலைக்கோ ரயில் பாதைக்கோ நிலம் எடுக்கும்போது, இழப்பீட்டுக் கணக்கில் இந்த மதிப்பும் அக்கம்பக்கத்துக் கிரய விலையும்தான் அடிப்படை. நம் தெருவின் மதிப்பு குறைவாகப் பதிவாகியிருந்தால் இழப்பீடும் குறையும். கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி சொத்தை ஈடாகக் கேட்கிறது. அப்போதும் "இந்த முகவரிக்கு இவ்வளவுதான்" என்று மதிப்பீட்டாளர் எழுதிக்கொடுக்கிறார். சாதி போட்ட விலையை அரசின் ஏடு பதிந்துகொள்கிறது. அந்த ஏட்டைக் காட்டி வங்கி கடனைக் குறைக்கிறது. கடன் கிடைக்காத பிள்ளைக்காக அப்பா வீட்டை அடிமாட்டு விலைக்கு விற்கிறார். அந்த விலையே அடுத்த வீட்டுக்கும் அத்தாட்சியாகிவிடுகிறது.

நிபந்தனையை நீக்கலாமா?

இங்கேதான் நமக்குள்ளேயே ஒரு வாதம் எழுகிறது. "எஸ்.சி. மக்களுக்குக் கொடுத்த நிலத்தை எஸ்.சி. மக்களுக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனை இருப்பதால்தான் விலை ஏறவில்லை. அதை எடுத்துவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் விற்று நாமும் நாலு காசு பார்க்கலாமே" என்று படித்த நம் பிள்ளைகளே கேட்கிறார்கள். கேள்வியில் இருக்கும் வலி நியாயமானது. ஆனால் அந்த வழி நம்மைத் தெருவில்தான் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தில் இன்று நம் கையில் இருப்பது எவ்வளவு? நிபந்தனை இருந்தபோதே அடமானம், கைநாட்டு, மிரட்டல், பினாமி என்று பிடுங்கிக்கொண்டார்கள். அதை மீட்கப் போன காரணை போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். நிபந்தனை இருக்கும்போதே இந்த நிலை. வேலியையும் பிடுங்கிவிட்டால், ஊர்த்தெருக்காரர் நம் பக்கத்தில் குடிவந்து சமத்துவம் மலர்ந்துவிடாது. குவாரிக்காரரும் லேஅவுட் போடுகிறவரும் வருவார்கள். மொத்தத் தெருவையும் மலிவாக வளைத்து, பெயர்ப்பலகை மாற்றி, பத்து மடங்கு விலைக்கு விற்பார்கள். நமக்கு அடுத்த பள்ளம் காத்திருக்கும்.

ஆகவே வேலி இருக்க வேண்டும். ஆனால் வேலிக்குள் இருப்பவர் நஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு வேலி போட்ட அரசுக்கு உண்டு. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்கள் விளைநிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தைத் தாட்கோ நடத்துகிறது. அதே முறையை வீட்டுக்கும் விரிவுபடுத்தலாம். நம் தெருவில் ஒருவர் நெருக்கடியில் வீட்டை விற்க நேர்ந்தால், ஊர்த்தெருவின் வழிகாட்டி மதிப்பில் தாட்கோ அதை வாங்கி, அதே ஊரில் வீடில்லாத நம் குடும்பம் ஒன்றுக்கு மானியத்தோடு தரட்டும். விற்பவருக்கு நியாயமான விலை கிடைக்கும், வாங்குபவருக்குக் கூரை கிடைக்கும், நிலமும் சமூகத்தை விட்டுப் போகாது. இனி ஒதுக்கும் மனைகளை ஊரோடு சேர்ந்த இடத்தில்தான் ஒதுக்க வேண்டும் என்பதையும் விதியாக்க வேண்டும்.

நம் கையில் இருப்பது

அரசு செய்யும் வரை காத்திருக்காமல் நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றத்துக்கு இன்றே விண்ணப்பியுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு கேளுங்கள். நத்தம் நிலமா, அரசு ஒப்படை நிலமா, சொந்தக் கிரயமா என்று பாருங்கள்; ஒப்படைப் பட்டாவில் உள்ள நிபந்தனைகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள எந்த மனையும் பதிவு செய்த பத்திரத்தில்தான் கைமாறும்; வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொடுத்தும் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டும் இழந்த வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். வீட்டைப் பெண்கள் பெயரில் பதியுங்கள். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. வீடு மதுக்கடைக்கு அடமானம் போகும் ஆபத்தும் குறையும். யாராவது மிரட்டி ஆக்கிரமித்தால், அது வெறும் எல்லைத் தகராறு என்று காவல் நிலையத்தில் சொன்னால் ஏற்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் அது குற்றம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் கிராமத்தின் வழிகாட்டி மதிப்பைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஊர்த்தெருவின் மதிப்பையும் நம் தெருவின் மதிப்பையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். பக்கத்துக் கிராமத்து நண்பரையும் எழுதச் சொல்லுங்கள். பத்துக் கிராமங்களின் தாள்கள் சேர்ந்ததும், திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து, இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கேளுங்கள். மண்ணின் தரம் என்று சொன்னால் மண் பரிசோதனை கேளுங்கள். ரோடு இல்லை என்றால் ரோடு கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.