வேலிக்குச் செலவு செய்யுங்கள், முதலில் காலுக்கு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டம் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நம்மில் பலர் வீட்டை ஒட்டிய ஐந்து சென்ட்டில் கத்தரி, முருங்கை, இரண்டு தென்னை என்று வைக்கிறோம். அடுத்த வாரமே ஆடு வந்துவிடும். உடனே வேலி. வேலி என்றதும் எல்லோரும் கேட்பது "வலை அடி என்ன விலை?" என்றுதான். கால் என்ன கனம், எவ்வளவு ஆழம் என்று கேட்பவர்கள் குறைவு. என் கருத்து இதுதான்: வலையில் குறைத்தாலும் காலில் குறைக்காதீர்கள். வலை கிழிந்தால் அந்த இடத்தைத் தைத்துவிடலாம். கால் சாய்ந்தால் ஒரு பக்கமே படுத்துவிடும்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஊர்க்காரர்கள் வசூல் செய்து காய்கறித் தோட்டத்துக்கு வேலி போட்டுக் கொடுத்தார்கள். வேலையை எடுத்தவர் மெல்லிய ஆங்கிளை ஒரு அடிகூட இறக்காமல் ஊன்றி, மேலே ஒரு சட்டி கலவையைக் கொட்டி மூடிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்காம் வருஷ ஐப்பசி மழையில் மேற்குப் பக்கம் முழுவதும் சாய்ந்தது. சத்துணவுக்கென்று பிள்ளைகள் தண்ணீர் சுமந்து வளர்த்த கீரையை ஒரே காலையில் ஆடுகள் முடித்துவிட்டன. மறுபடி வசூலுக்குப் போக யாருக்கும் வாய் வரவில்லை. வலை மட்டும் புதிதுபோலவே இருந்தது. சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்தோம்.

ஒடிந்த கால்களைப் பார்த்தால் எல்லாமே மண்ணும் காற்றும் சேரும் அந்த நான்கு விரல் உயரத்தில்தான் அரித்திருந்தன. அறிவியல் பாடத்தில் ஆணியை மூன்று சோதனைக் குழாயில் போட்டுக் காட்டுவோமே, நினைவிருக்கிறதா? ஈரமில்லாத குழாயில் துரு இல்லை. கொதிக்க வைத்த நீரில் போட்டு எண்ணெயால் மூடிய குழாயிலும் துரு இல்லை. நீரும் காற்றும் சேர்ந்த குழாயில்தான் துரு. வேலிக்காலின் கழுத்து அந்த மூன்றாவது குழாய்தான். மரக்காலும் அங்கேதான் இற்றுப் போகிறது, கரையானும் அங்கிருந்துதான் ஏறுகிறது.

அதனால் கால் வாங்கும்போது இதைக் கவனியுங்கள். ஆங்கிளில் 40க்கு 40 என்று மட்டும் சொன்னால் போதாது, கனத்தையும் சொல்ல வேண்டும். 3 மி.மீ. கனமுள்ளது மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ, 5 மி.மீ. கனமுள்ளது 3 கிலோ. ஏழடிக் காலுக்கு வித்தியாசம் இரண்டரை கிலோ. ஐந்து சென்ட் சதுர மனைக்குச் சுற்றளவு 190 அடி வரும். எட்டடிக்கு ஒரு கால் என்றால் 24 கால். மொத்தமே 60 கிலோ இரும்புதான் கூடுகிறது. அந்த 60 கிலோவை மிச்சம் பிடித்துத்தான் நாம் வேலியைச் சாய்க்கிறோம்.

துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜி.ஐ. கால் கிடைத்தால் நல்லது. அதை வெட்டிய இடத்திலும் வெல்டிங் வைத்த இடத்திலும் பூச்சு போய்விடும், அங்கே துத்தநாக பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கறுப்பு இரும்பு என்றால் ரெட் ஆக்சைடோடு நிறுத்தாதீர்கள். அது அடிப்பூச்சு, அதன்மேல் எனாமல் வேண்டும்.

மரக்கால்தான் பிடிக்கும் என்பவர்கள் மரத்தை மண்ணில் புதைக்காதீர்கள். ப வடிவ இரும்புப் பட்டையைக் காங்கிரீட்டில் நிறுத்தி, தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி, மரத்தை அதில் போல்ட் போட்டு மாட்டுங்கள். மரம் இற்றால் போல்ட்டைக் கழற்றி மரத்தை மட்டும் மாற்றலாம். சம்மட்டியால் அடித்து இறக்கும் கூர்முனை இரும்புக்காலும் இப்போது விற்கிறார்கள். இடுப்பளவு வேலிக்கு, இறுகிய மண்ணில் சரி. கல் நிறைந்த மண்ணில் கோணலாக இறங்கும். கேட் மாட்டும் காலுக்கு அது ஆகவே ஆகாது. கேட்டில் பிள்ளைகள் தொங்குவார்கள்.

குழி இரண்டடி ஆழம், ஒரு அடி அகலம் இருக்கட்டும். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும், அங்கே இன்னும் அரையடி சேருங்கள். ஆங்கிளின் அடிமுனையில் ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்கே வெல்டு வைத்தால் பிடுங்கிக்கொண்டு வராது. காங்கிரீட் தரைமட்டத்துக்கு மேலே இரண்டு அங்குலம் எழுந்து, நாலாபுறமும் சரிவாக இருக்க வேண்டும், தண்ணீர் காலடியில் தேங்கக் கூடாது. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பிறகே வலையை இழுத்துக் கட்டுங்கள். மூலைக் காலுக்கு, வேலி போகும் இரண்டு திசையிலும் ஒவ்வொரு முட்டுக்கால் கட்டாயம். இழுவை முழுவதும் மூலையில்தான்.

"சார், எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம், அவ்வளவு ஆழம் எதுக்கு?" என்பார் வேலைக்கு வந்தவர். அவர் மேல் முழுப் பழியும் போட மாட்டேன். அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு இறக்குவது நாம்தான். அவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? நம் கண்ணுக்குத் தெரியாத குழியில்தான். நியாயமான கூலி கொடுங்கள், குழி வெட்டும்போது டேப்போடு பக்கத்தில் நில்லுங்கள். "தம்பி, இரண்டடி வரட்டும், அப்புறம் டீ சாப்பிடலாம்" என்றால் அவரும் சிரித்துக்கொண்டே வெட்டுவார்.

"கல்தூண் போட்டால் இந்த வம்பே இல்லையே?" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். கல் துருப்பிடிக்காது, கரையான் தின்னாது. பக்கத்தில் கல் கிடைக்கும் ஊர்க்காரர்கள் தாராளமாக அதையே போடுங்கள். ஆனால் அதற்கும் ஆழக் குழி வேண்டும், மூலைக்கு முட்டு வேண்டும்.

ஏற்கெனவே இரும்பு வேலி போட்டவர்கள் மழைக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு காலடியிலும் மண்ணை நான்கு விரல் விலக்கி, ஒரு ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். செதிலாக உதிர்ந்தால் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே இறங்கினால் அந்தக் காலை இந்த மாதமே மாற்றிவிடுங்கள்.