குளிர் எவர்க்கு? வெப்பம் எவர்க்கு?

கட்டடங்களுக்கு அறிவு வந்துவிட்டது என்கின்றனர். ஆளில்லா அறையில் விளக்கு தானே அணைகிறது. கூட்டம் கலைந்தால் குளிர்காற்று குறைகிறது. அறையிலுள்ள கரியமிலவாயுவை உணரிகள் அளந்து, வேண்டிய அளவு வெளிக்காற்றை உள்ளே விடுகின்றன. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதற்கு வேண்டிய மின்திறன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பது பொறியியல் கண்ட உண்மை. இக்கருவிகளை இகழ்வது பேதைமை. இவற்றால் மட்டுமே சிக்கனம் வந்துவிடும் என்று நம்புவதோ அதனினும் பெரும்பேதைமை.

கட்டட, கட்டுமான ஆணையம் 2005ஆம் ஆண்டில் பசுமைக் கட்டடச் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. 2030ஆம் ஆண்டுக்குள் நாட்டின் கட்டடத் தளப்பரப்பில் நூற்றுக்கு 80 பங்கு பசுமையாக வேண்டும் என்பது குறிக்கோள். நன்று. ஆயினும், அறையின் வெப்பநிலை எத்தனை பாகை என்று முடிவுசெய்பவன் மனிதனே அன்றோ? 22 என்று அவன் கட்டளையிட்டால், கருவி அதைத் திறம்பட நிறைவேற்றும். உள்ளே இருப்போர் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்குவர். வேண்டாத குளிரைத் திறமையாக உண்டாக்குவதற்குச் சிக்கனம் என்று பெயரா?

குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. சிராங்கூன் சாலையை ஒட்டிய பின்சந்துகளில் நின்று பாருங்கள். கடைக்குள் இருப்பவர்க்குக் குளிர். வெளியே மூட்டை சுமப்பவர்க்கு அனல். இவர்தம் வியர்வையை எந்த உணரி அளக்கிறது?

விடையும் அவ்வட்டாரத்திலேயே உண்டு. கடைவீடுகளின் முன்னே தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று ராபிள்சின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டம் பணித்தது. அந்த ஐந்தடிப் பாதை வெயிலையும் மழையையும் தடுத்தது. வானம் பார்த்த நடுமுற்றம் வெப்பக்காற்றை மேலே போக்கியது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்பு வட்டாரமாயிற்று. முகப்பைக் காத்தோம், முற்றத்தின் நுட்பத்தைக் காத்தோமா?

குளிரூட்டி இன்றி இந்நாடு உயர்ந்திருக்குமா என்று சிலர் கேட்கலாம். லீ குவான் யூ அதனைப் போற்றியது உண்மையே. குளிரூட்டியை எறிந்துவிடுமாறு நாம் கூறவில்லை; அதன் இடத்தை அறியுமாறு வேண்டுகிறோம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு, சுற்றுச்சூழல் துறைக்கென 2019இல் திறக்கப்பட்ட நான்காம் கட்டடம் இதற்குச் சான்று. அதன் அகன்ற கூரை நிழல் தருகிறது. மிதமாகக் குளிர்ந்த காற்றை மேல்விசிறிகள் பரப்புகின்றன. கூரைமேல் கதிரவன் ஒளியால் மின்சாரம் விளைகிறது. நிழலும் காற்றும் முதலில்; எந்திரம் பின்னர். அதுவே முறை.

ஆசிரியப் பெருமக்களே! நாளைய கட்டடங்களை எழுப்பப்போவோர் இன்று உங்கள் முன்னே அமர்ந்திருக்கின்றனர். அறிவுக் கட்டடம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லுமுன், குளிரூட்டியின் எண்ணை 25க்கு உயர்த்தி விசிறியைச் சுழல விடுங்கள். பாடம் அங்கே தொடங்கட்டும்.