பீலிக்கரைப் படி இன்னும் வழுக்குகிறதா?

கலவானைப் பக்கத்து நம் தோட்டத்தில், மேட்டு லயத்திலும் பணிய லயத்திலும் இருக்கும் எல்லாருக்கும்,

உங்களை விட்டுக் கிளம்பியபோது எனக்கு எட்டு வயது. 1976. உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள். நான் யாரென்று தெரியாதவர்கள் என் மாமா வீட்டில் கேளுங்கள். கப்பலேறிப் போன பெரியக்கா மகன் என்றால் சொல்வார்கள். இப்போது கேரளத்தில், கொல்லம் மாவட்டம் குளத்தூப்புழையில் இருக்கிறேன். எனக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தது உங்கள் தோட்டப் பள்ளிக்கூடம்தான். அந்த எழுத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய். நாலு வருசமாகிறது. இங்கே மலையாளத்தில் மறவி ரோகம் என்பார்கள். 2005இல் மோகன்லால் நடித்து ‘தன்மாத்ரா’ படம் வந்த பிறகு இந்த ஊர்ப் பக்கம் அந்த நோயைப் பற்றிக் கேள்விப்படாத வீடில்லை. ஆனாலும் நம் வீட்டுக்குள் வந்தபோது எங்களுக்குப் பிடிபடவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு மறந்தாள், வயசு என்றோம். சம்பளக் காசை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றாள். வேலையை விட்டு நின்று இருபது வருசம் ஆச்சே அம்மா என்று சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நெஞ்சு அடைக்கிறது.

போன சித்திரையில் எல்லாரும் கூடினோம். ‘அம்மாவுக்கு நம்ம முகம் தெரியும்போதே ஒருக்கா வந்துட்டுப் போயிடணும்’ என்று பந்தலூரில் இருக்கும் அக்காதான் முதலில் சொன்னாள். நீலகிரியிலிருந்து அக்கா குடும்பம், கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறையிலிருந்து சித்தப்பா பிள்ளைகள், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பேரன் பேத்திகள் என்று நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். முற்றத்தில் பந்தல் போட்டோம். அக்கா தேங்காய் ரொட்டி சுட்டாள். தூத்துக்குடியிலிருந்து மாசி வாங்கி வந்து சம்பல் இடித்தோம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: ‘பேர் போட்டாச்சா?’ திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். அன்றைக்குப் பெரட்டில் பேர் விழுந்ததா, இல்லை அரைப் பேர்தானா என்று கேட்கிறாள். வந்தவர்கள் எல்லாரையும் வேலைக்குப் போய்த் திரும்பியவர்களாகத்தான் அவள் பார்த்தாள். ‘முழுப் பேரும்மா’ என்று நான் சொன்னதும் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் படியேறும்போதே ‘முழுப் பேரு, முழுப் பேரு’ என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

டாக்டரிடம் கூட்டிப்போன நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். அம்மா இந்த ஊரில் நாற்பத்தைந்து வருசத்துக்கு மேல் பேசிய மலையாளம்தான் அவளைவிட்டு முதலில் போனது. இது எந்த வருசம்? ஜன்னலைப் பார்த்தாள். ‘மழை வருசம்.’ இது எந்த ஊர்? ‘கலவான.’ எந்த மாவட்டம்? ‘ரத்தினபுரி.’ டாக்டர் நல்ல மனுசர், பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் தாளில் மூன்றுக்கும் சைபர் விழுந்தது. கடைசியாக ஒரு படத்தைக் காட்டி, அதைப் பார்த்து வரையச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். பேனாவை வெட்டுக்கத்தி மாதிரி பிடித்தாள். தாளில் இடது பக்கம் மேலேயிருந்து வலது பக்கம் கீழே, கை நடுங்காமல் ஒரு சாய்வுக் கோடு இழுத்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கோடு. அந்தச் சாய்வில் வெட்டினால்தான் பட்டைக்குள் ஓடும் பால் குழாய்கள் அதிகமாக அறுபடும். பன்னிரண்டு வயதில் உங்கள் மலையில் கற்றுக்கொண்ட கோடு. அதற்கும் சைபர்தான்.

டாக்டர் பிறகு விளக்கினார். புது ஞாபகம் பதிகிற இடத்தைத்தான் இந்த நோய் முதலில் தின்கிறதாம். அதனால் மேலே இருப்பது முதலில் போகும், அடியில் இருப்பது கடைசிவரை நிற்கும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் கதையே ஓடியது. பேரப்பிள்ளைகளின் பெயர் போனது. அப்பா செத்தது போனது. குளத்தூப்புழை ரப்பர்த் தோட்டத்தில், நாங்கள் ஆர்.பி.எல். என்று சொல்கிற அந்தக் கம்பெனியில், இருபத்தேழு வருசம் வெட்டிய பால் போனது. மண்டபம் முகாம் போனது. எல்லாம் உதிர்ந்த பிறகு அடியில் நிற்பது நீங்கள் இருக்கிற ஊர்.

எங்களுக்கு இங்கே அரசாங்கம் வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். 1964 அக்டோபர் 30இல் சிறிமா அம்மையாரும் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அங்கே நாலு பேருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தால் இங்கே ஏழு பேர் வரவேண்டும் என்று கணக்கு. அம்மாவின் அப்பா இலங்கைக்கு எழுதிப் போட்டார். கல்யாணமாகிப் போன அம்மாவுக்குப் புருசன் வீட்டு மனுதான் மனு; அவர்கள் இந்தியாவுக்கு எழுதியிருந்தார்கள். ஒரே லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருந்த அக்காவும் தம்பியும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனது இப்படித்தான்.

அம்மா பிறந்தது உங்கள் தோட்டத்தில். அவள் அம்மா பிறந்ததும் அங்கேதான். தமிழ்நாட்டில் அவள் ஒரு வருசம்கூடக் குடியிருந்ததில்லை. இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, முகாமில் சில மாதம் கிடந்து, செங்கோட்டை வழியாக மலை தாண்டிப் புனலூருக்கு ரயிலேறியவள். அவளைத் தாயகம் திரும்பியவள் என்று அட்டையில் எழுதினார்கள். அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ‘இங்க வந்தப்ப’ என்பாள், அவ்வளவுதான். நான்தான் இத்தனை வருசமாக எல்லா விண்ணப்பத்திலும் அந்தச் சொல்லை நிரப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

சாயந்தரம் நாலு மணிக்கு மேல் அம்மாவுக்குக் கலக்கம் வரும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போவாள். ஒருநாள் வழியை மறித்த என் மருமகளிடம் ‘கெதர யண்ட ஓன’ என்றாள். அவள் பயந்துபோய், பாட்டி ஏதோ பிதற்றுகிறார் என்று எனக்குப் போன் செய்தாள். சிங்களம். வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். கீழே கிராமத்திலிருந்து பலாக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நம் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசும் நோனாவிடம் சின்ன வயசில் கற்ற பாஷை. இந்த வீட்டில் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள நான் ஒருவன்தான் இருந்தேன். சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பது இந்த நோய் உள்ளவர்கள் உலகமெங்கும் சொல்வதுதான், பாதுகாப்புத் தேடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் என் அம்மா கேட்கிற வீட்டுக்கு விலாசம் இருக்கிறது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அக்கா அம்மாவின் படுக்கையைத் தட்டிப் போட்டாள். தலையணைக்கு அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் காய்ந்த சப்பாத்தித் துண்டுகள், எறும்பு மொய்த்துக் கிடந்தது. அக்கா சத்தம் போட வாயெடுத்தாள். அம்மா முடிச்சைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு ‘தம்பிக்குடி’ என்றாள். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுபத்து மூன்று, எழுபத்து நாலு பஞ்சத்தை உங்கள் வீட்டுக் கிழவர்கள் சொல்லியிருப்பார்கள். மாவும் அரிசியும் அறுந்துபோய், தோட்டங்களில் கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்று, அதுவும் கிடைக்காமல் செத்தவர்கள் உண்டு. அப்போது அம்மா எங்களுக்குச் சுட்ட ரொட்டியில் பாதியை முந்தானையில் முடிந்து, இருட்டின பிறகு நாலு காம்பரா தள்ளிப் போய்வருவாள். தம்பிக்கு இன்னும் பசிக்கிறது என்று அவள் கணக்கு.

தம்பி என்றால் என் மாமா. உங்கள் தோட்டத்தில் கடைசிவரை பால் வெட்டியவர், 2011இல் தவறிப்போனவர். செய்தி வந்தபோது அம்மாவுக்கு எல்லா ஞாபகமும் இருந்தது. மூன்று நாள் அழுது, பதினாறாம் நாள் இங்கேயே படையல் போட்டாள். நோய் வந்த பிறகு அது அழிந்துவிட்டது. ‘தம்பி எங்க?’ என்று கேட்பாள். நான் உண்மையைச் சொல்வேன். முதன்முதலாகக் கேட்கிறவள் மாதிரி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். மறுநாள் மறந்து மறுபடி கேட்பாள், மறுபடி சொல்வேன். இரண்டு வருசம் இப்படிச் செய்தேன், அம்மாவிடம் பொய் சொல்லக்கூடாது என்று. ஒரு சாவுக்கு அவளை எத்தனை தடவை அழவைத்தேன் என்று எண்ணிப் பார்க்கத் தைரியமில்லை. இப்போது ‘தம்பி மலைக்குப் போயிருக்காரும்மா, வெட்டு முடிஞ்சு வருவாரு’ என்கிறேன். ‘மழை வருது, அவனுக்குக் கொங்காணி இருக்கா?’ என்பாள். இருக்கும்மா.

கூட்டத்தன்று மத்தியானம் மாமா மகன் உங்கள் தோட்டத்திலிருந்து வீடியோவில் வந்தான். அம்மாவுக்கு அவனைத் தெரியவில்லை. அவன் பிள்ளைகளைக் காட்டினான், தெரியவில்லை. கோயிலைக் காட்டினான். புதுச் சாயம் அடித்து, புதுக் கோபுரம் வைத்திருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது, ஆனால் அம்மா அதைக் கண்டதில்லை. அவன் போனைப் பிடித்தபடியே லயத்துப் பக்கம் நடந்தான், பிறகு பீலிக்குப் போகிற கல்படியில் இறங்கினான். அதுவரை எங்கோ பார்த்துக்கொண்டிருந்த அம்மா போன் பக்கம் குனிந்தாள். ‘மூணாவது கல்லு. பாசி புடிச்சிருக்கும், வழுக்கும். பாத்து எறங்கு.’ அந்தப் பக்கம் மாமா மகன் நின்றுவிட்டான். ‘அத்தே, அந்தக் கல்லு இப்பவும் வழுக்கும் அத்தே. போன மாசம் சின்னவ விழுந்தா’ என்றான். பந்தலில் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். குடத்தை இடுப்பில் வைக்காதே, தலையில் வை என்றாள். காட்டு மரம் ஏற்றின லொறி வரும், ரோட்டைக் கடக்கும்போது ஓரமா நில்லு என்றாள். சிங்கராஜக் காட்டில் மரம் வெட்டுவதை 1977இலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் ரோட்டில் அந்த லொறிகள் இன்னும் ஓடுகின்றன.

அவளை ஒருமுறை கூட்டிவரலாமே என்று சிலர் கேட்டீர்கள். நானும் ராத்திரி ராத்திரியாக யோசித்தேன். பக்கத்து டவுனுக்குப் போய்வந்தாலே இரண்டு நாள் அவளுக்குத் தூக்கம் இல்லை. அதோடு, 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் கலவானைப் பக்கம் பட்ட பாட்டை நான் அறிவேன். அவள் தேடுகிற பல இடம் இப்போது அங்கே இல்லை. ஆனால் அந்தப் படி இருக்கிறது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை, யாராவது ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு அந்த வழியே நடந்து காட்ட முடியுமா? மாமா வீட்டுப் பிள்ளைகள் மட்டும் என்று இல்லை, யாராக இருந்தாலும் சரி. முகத்தைக் காட்டி ‘என்னைத் தெரியுதா?’ என்று கேட்காதீர்கள். தெரியாதபோது அவள் வெட்கப்படுகிறாள். பாதையைக் காட்டுங்கள், சிரட்டை மாட்டிய மரத்தைக் காட்டுங்கள், கொழுந்துக் கூடையைக் காட்டுங்கள். தம்பி எங்கே என்று கேட்டால் மலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கு இப்படிச் சொல்ல மனம் வராது என்று தெரியும். எனக்கும் இரண்டு வருசம் வரவில்லை.

உங்கள் லயங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். விடியக்காலை நாலு மணிக்குக் கூடையைத் தேடுகிறவர், பெற்ற மகளை அக்கா என்று கூப்பிடுகிறவர். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடிக்காதீர்கள், காம்பராவில் போட்டுப் பூட்டாதீர்கள். உலகத்தில் ஐந்தரைக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிற நோய் இது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம்; பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைத்தாலே கொஞ்சம் தாங்கும். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அடியுங்கள். டாக்டர் சிங்களத்தில் கேள்வி கேட்டால், தமிழில் கேட்கச் சொல்லித் தயங்காமல் சொல்லுங்கள். தெரியாத பாஷையில் கேட்டு, பதில் சொல்லவில்லை என்று மார்க் குறைக்க விடாதீர்கள். எழுதப் படிக்காத நம் பெண்களிடம் தேதி கேட்பதைவிட, கொழுந்து எத்தனை கிலோ என்று கேட்டால் அவர்கள் யாரென்று தெரியும்.

போன் செய்ய நல்ல நேரம் நாலரை மணி. அம்மா வாசலுக்குக் கிளம்புகிற நேரம் அது. உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே மணிதான், கணக்குப் பார்க்க வேண்டாம். மழை பெய்கிறதே என்று வராமல் இருந்துவிடாதீர்கள்; கலவானையில் எந்த ஞாயிறு மழை இல்லை? தகரத்தில் விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்கட்டும். மூன்றாவது கல் வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். அவள் பார்த்து இறங்கு என்று சொன்ன பிறகு இறங்குங்கள்.

உங்கள்,
பெரியக்கா மகன்
குளத்தூப்புழை