வாய்மூடி இருத்தல் பணிவன்று

எசுபிஎம் முடித்த நம் பிள்ளைகளிடம் நேர்முகத் தேர்வின் இறுதியில், "ஏதேனும் கேட்க வேண்டுமா?" என வினவுவார்கள். "இல்லை" எனத் தலையாட்டித் திரும்புவதைப் பணிவு என்கிறோம். அஃது அறியாமை!

ஒரு மாதத்திற்கு மேற்பட்ட பணி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். வழக்கமான வார வேலைநேரத்தின் வரம்பு 2023 முதல் 45 மணி. பின் ஏன் தயக்கம்?

ஒப்பந்தம் எழுத்தில் கிடைக்குமா? தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? மிகைநேர ஊதியம் எவ்வளவு? சேமநிதி, சொக்சோ உண்டா? கேட்கட்டும்!

கேட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சும் பெற்றோரே, இவற்றுக்கே சினப்பவரிடம் வேலை கிடைக்காமை நன்று. ஆசிரியப் பெருமக்களே, ஏழு வயதில் வினா எழுப்புபவனை அதட்டி அமர்த்திவிட்டு, பதினெட்டில் அவன் உரிமை கேட்பான் என எதிர்பார்ப்பது எவ்வகையில் முறை?